அடையாளம் கட்டாத இரும்பு

மணல் வழவழவென்று இருந்தது. அதுதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, ஒரு சவுக்குத் தோப்பு முடிந்து கடற்கரை தொடங்குகிற இடம். தோப்பு என் மனைவியின் அண்ணன் தணிகாசலத்துடையது. தோப்புக்கு வேலியாக நின்ற தாழம்புதர்களில் ஓர் இடைவெளி உண்டு. அதற்கு வெளியே நான் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன்.

முந்தின நாள் பொழுது சாய்கையில் அந்த மணலுக்குள் மூன்று இரும்புப் பொறிகளைப் புதைத்திருந்தேன். நரி பிடிக்கிற பொறிகள். கால் பட்டால் இரண்டு பக்கத்துத் தாடைகளும் எழுந்து கவ்விக்கொள்ளும். மனித நடமாட்டம் தொடங்குமுன் எடுத்துவிடுவது என் வழக்கம். இப்போது எடுக்க வந்தால் பொறிகளைக் காணோம். அவற்றைச் சங்கிலியோடு பிணைத்திருந்த முளைகளையும் காணோம்.

திருடுபோயிருந்தால் பள்ளம் இருக்க வேண்டும். காலடி இருக்க வேண்டும். காற்று எல்லாவற்றையும் தடவி மூடியிருந்தது. அதனால் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. நான்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறேனோ? பொறிகள் இங்கேயே, என் முட்டிக்குப் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றனவோ? ஊன்றப்போன கையை ஊன்றாமல் அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

"இன்னா மாப்ள, கடலுக்குக் கும்பிடு போட்டுகினு கீறே?" என்று பின்னாலிருந்து தணிகாசலத்தின் குரல் கேட்டது.

"மச்சான், கிட்ட வராதீங்க. நில்லுங்க அங்கியே."

அவர் நின்றார். பல் துலக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சி வாயிலேயே நின்றது. ஒரு சவுக்குக் கிளையை ஒடித்து வீசச் சொன்னேன். அதைக்கொண்டு மணலை மெல்லப் பெருக்கினேன். முளை பிடுங்கிய ஓட்டைகள் ஈரமாக வெளிப்பட்டன. மூன்றும் இருந்தன. இடம் சரிதான். திருட்டும் நிச்சயம்.

ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. எடுத்தவன் அதை என்ன செய்திருப்பான்?

எந்த வருடம்?

சென்ற வாரம் இந்தத் தொடரில், செங்கற்பட்டு ரயில்வே பார்சல் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளைப் பற்றி எழுதியபோது, பிளாட்பாரத்துக் கூரையில் மழை கொட்டியதாகச் சொல்லியிருந்தேன். அப்போது அந்தப் பக்கத்துக்குக் கூரையே போடவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. தேதி, வருடம் என்று அலைகிறவனுக்கே இப்படி நேர்கிறது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் வருடத்தை அடித்துச் சொல்லப்போவதில்லை. எமர்ஜென்சி விலக்கப்பட்டுவிட்டது. என் இரண்டாவது பெண் இன்னும் பிறக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த ஒரு மாசி.

பார்சல் குமாஸ்தாவுக்கும் நரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் புத்தகத்தால் வந்தது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடப் போய், பனி பெய்கிற தேசத்தில் நரி பிடிப்பவர்கள் எழுதிய கையேடு ஒன்றை வாங்கினேன். சில மாதம் கழித்து அதே மார்க்கெட்டில், இரும்புச் சாமான் குவியலுக்கு அடியில், அந்தப் புத்தகத்தின் படத்தில் பார்த்த பொறிகளே துருப்பிடித்துக் கிடந்தன. எந்தத் துரை வீட்டு ஏலத்தில் வந்தவையோ. அன்று பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

தணிகாசலத்துக்கு நரியால் உண்மையிலேயே தொல்லை இருந்தது. வேர்க்கடலைக் கொல்லையைக் கிளறும். பக்கத்துக் குப்பத்தில் காயப்போட்ட கருவாட்டை இழுத்துக்கொண்டு ஓடும். சட்டமும் அப்போது நரியைக் காகத்தோடும் எலியோடும் சேர்த்து, அழிக்கலாம் என்ற வரிசையில்தான் வைத்திருந்தது. பிறகு சட்டம் மாறியது. அதற்கு முன்பே நான் மாறிவிட்டேன்.

சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துத் தோப்புக்கு வந்துவிடுவேன். மாதத்துக்கு ஒரு நரி கிடைத்தால் பெரிது. தோலை உரித்து, உப்பும் படிகாரமும் தடவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவேன். அந்த நாற்றம் வீட்டில் நுழைந்த அன்று என் மனைவி சரோஜா, "ஒண்ணு இந்த வூட்டுல நரி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். நரியைத் தோப்புக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

எனக்குப் பிடித்தது தோல்கூட அல்ல. அந்த வேலையின் நுணுக்கம். இரும்பில் மனித வாடை இருந்தால் நரி கிட்ட வராது. பொறியை மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். வேப்பிலை தேய்த்த கையால்தான் தொட வேண்டும். மேலே மணலைச் சலித்துத் தூவ வேண்டும். புத்தகம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நீ வந்து போன சுவடு எதுவும் இருக்கக் கூடாது.

பழைய தமிழில் கண்ணி, வலை, குழி, அடார் என்று பிடிக்கிற கருவிகளுக்கு எத்தனை பெயர்கள்! அடார் என்பது கல்லைச் சாய்த்து முட்டுக்கொடுத்து வைப்பது. மிருகம் வந்து முட்டுக்கட்டையைத் தட்டினால் கல் விழும். புலிக்கு வைத்தார்கள், முள்ளம்பன்றிக்கு வைத்தார்கள். அதை எவனாவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி, நான் படித்தவரையில், ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பேரீச்சம்பழம்

"பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும். பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுட்டிருப்பானுங்க" என்றார் தணிகாசலம்.

அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தன் பொருளைத் திருடியவன் அதை உடனே விற்றுத் தொலைத்திருக்க வேண்டும், உருக்கப் போயிருக்க வேண்டும் என்று பிரார்த்தித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏனென்றால் அவன் விற்கவில்லை என்றால், எங்கோ வைத்திருக்கிறான். வாங்கிய புதிதில் பொறி வேலை செய்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் பருமன் சவுக்குக் கொம்பை நுழைத்தேன். கொம்பு இரண்டாகப் போயிற்று.

ஊருக்குள் பழைய இரும்புக் கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையால் வடிவத்தைக் காட்டிக் கேட்டேன்.

"நரி புடிக்கிறதா?" என்றார் அவர். "எங்கிட்ட அது வந்திருந்தா நான் இன்னாத்துக்குக் கடையில குந்திகினு கீறேன்? நானே நரி புடிக்கப் போயிருக்க மாட்டேன்?"

"வெளையாடாதீங்க அண்ணாத்த. நெசமா வரலியா?"

என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார். "வர்ல சார். இன்னிக்கி ஞாயித்துக்கெழம. போணியே ஆவல."

திரும்பி நடக்கையில் ஏதோ ஒரு கடையில் இரும்புப் பெட்டியின் மூடி படீரென்று விழுந்தது. நான் நின்று, தெருவில் போனவர்களின் கால்களைப் பார்த்தேன். அன்று முழுவதும் அப்படித்தான். கதவுத் தாழ்ப்பாள், அப்பளம் நொறுங்குவது, எது கேட்டாலும் யாரோ மிதித்துவிட்டார்கள் என்றே தோன்றியது.

இதில் மகம் வேறு. மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் சிதறிக் கிடக்கிற குடும்பங்கள், கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன தங்கள் கன்னியம்மனைச் சமாதானம் செய்து அழைத்துக்கொண்டு போக வருவார்கள். புடவைகளைக் கம்பில் கட்டிக் கூடாரம் போடுவார்கள். பௌர்ணமி விடியலில் அலையோரம் மணலில் படி கட்டிப் பூஜை. முன்னதாக வருகிறவர்கள் நிழலுக்காகத் தணிகாசலத்தின் தோப்பில்தான் இறங்குவார்கள். அவர் தடுத்ததில்லை. இந்த மகம் முடியும்வரை பொறி வைக்கக் கூடாது, இந்தச் சனிக்கிழமைதான் கடைசி என்று நான் நினைத்திருந்தேன்.

இன்னும் சில நாளில் அந்தத் தோப்பு நிறையச் செருப்பில்லாத கால்கள்.

எல்லம்மா கேட்டது

போலீசுக்குப் போகலாம் என்றேன். தணிகாசலம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "போலீசு குப்பத்துக்குள்ள வந்தா ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போயிடுவானுங்க. உன் இரும்பும் அவங்களோட போயிடும்."

தோப்பு வாசலில் மீன்கூடையை இறக்கிவைத்து எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். தோப்பு ஆட்களுக்கு ஞாயிறுதோறும் மீன் கொடுப்பவள் அவள்தான். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு சங்கரா மீனைச் செதில் சுரண்டினாள்.

"எங்க வெச்சிருந்தே சார்?"

"வேலிக்கு வெளியே. மணல்ல."

"அடையாளம் கட்டினியா?"

"என்ன அடையாளம்?"

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். "இன்னா சார் நீ, இத்தினி படிச்சிகீறே. மணல்ல ஒரு பொருள வெச்சா அடையாளம் கட்டாம வெப்பாங்களா? எங்க துடுப்புல பாரு, வலையில பாரு, நங்கூரக் கல்லுல பாரு. ஆளுக்கு ஒரு துணி, ஆளுக்கு ஒரு வெட்டு இருக்கும். அது இல்லாம மணல்ல கெடந்தா கடலம்மா குடுத்தது. கண்டவன் எடுத்துப்பான்."

எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டுமரத்தின் ஒவ்வொரு கட்டையிலும் வெட்டுக்குறி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மிதவைகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி முடிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். கரையில் ஆளில்லாமல் கிடக்கிற எதையும் யாரும் தொடாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் புத்தகமோ சுவடே வைக்காதே என்றது. நானும் வைக்கவில்லை.

"அப்போ எடுத்தவன் திருடன் இல்லியா?" என்று கேட்டேன்.

"நீ திருடன்னு சொல்லிகினு போனியின்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். நாட்டாரண்ட வா. பேசிப் பாப்போம்."

நாட்டார் முன்னால்

நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். அப்போது தேசிங்கு என்பவர் இருந்தார். என்னைவிடச் சில வயதே மூத்தவர். மாலையில் அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். டிரான்சிஸ்டரைக் காதிலிருந்து எடுக்காமலே ஆரம்பித்தார்.

"இன்னா சார், எங்க குப்பத்துல திருடன் கீறான்றியாமே?"

வரும்போது பணிவாகப் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்தத் தொனி என்னைக் கிளப்பிவிட்டது. "என் பொருள என்னைக் கேக்காம எடுத்தா அதுக்கு வேற பேர் என்ன?"

கூட்டம் சலசலத்தது. யாரோ ஒருவன், "நரிய அதுங்கிட்ட கேட்டுகினாய்யா புடிச்சே?" என்றான். சிரிப்பு.

தேசிங்கு டிரான்சிஸ்டரை அணைத்தார். "அடையாளம் இருந்துச்சா?"

"நரிக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சு வெச்சேன்."

"நரிக்கும் தெரியல, மனுசனுக்கும் தெரியல. காத்துல மணல் வெலகி சங்கிலி தெரிஞ்சிருக்கும். கடலுக்குப் போறவன் பாத்திருப்பான். அது உன்னுதுன்னு அவன் இன்னாத்தக் கண்டான்?"

"எடுத்தது யாருன்னு நான் கேக்கல. எங்க வெச்சிருக்காங்கன்னுதான்…"

"திருட்டுன்னு சொல்லிட்டே இல்ல? திருட்டுன்னா எடுத்தவன் தெண்டம் கட்டணும், சாமி முன்னால ஊர் பாக்க நிக்கணும். அதுக்கு எவன் வருவான்? நீ வருவியா?"

அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் பெரிதாக இருந்தது. மூன்று பொறிகளும் என்னுடையவை. துரு சுரண்டி, எண்ணெய் போட்டு, கொதிக்கவைத்து நானே உயிர்கொடுத்தவை. அவற்றை என்னுடையவை அல்ல என்று சொல்ல நாக்கு எழவில்லை.

எல்லம்மா பெண்கள் பக்கத்திலிருந்து உரக்கக் கேட்டாள். "சார், உனக்கு இரும்பு வேணுமா, புள்ளைங்க காலு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

தணிகாசலம் என் காதருகே, "வுட்டுக்குடு மாப்ள" என்றார்.

"அது என்னுது இல்ல" என்றேன். "மணல்ல கெடந்தது. எடுத்தவங்களுக்கே சொந்தம். எங்க கீதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"கற்பூரத்த அணைச்சுச் சொல்லு" என்றார் தேசிங்கு.

தட்டில் கற்பூரம் வந்தது. உள்ளங்கையால் அணைத்து, அதையே மறுபடி சொன்னேன்.

அவ்வளவுதான். பத்தடி தூரத்திலேயே ஒருவன் எழுந்து, "ஒண்ணு எங்கிட்ட கீது. கட்டுமரத்துக்கு நங்கூரத்தோட சேத்துக் கட்டிகீறேன்" என்றான். இன்னொருவன் வீட்டு உத்தரத்தில் கயிற்றால் வாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். இரண்டையும் ஓடிப்போய் என் கண்ணால் பார்த்து வந்தேன். தாடைகள் மூடியிருந்தன.

மூன்றாவது?

தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். பாளையம் என்பவனின் மனைவி. "எங்க வூட்டுக்காரரு ஒண்ணு எடுத்தாரு. கருவாட்ட நரி தூக்கிகினு போவுதுன்னு, நரி வர்ற எடத்துல வெச்சிகீறேன், நீ அந்தாண்ட போவாதன்னாரு."

"எந்த எடம்?"

"சொல்லலியே. நரி எங்க வரும்? தோப்புலதான்."

"பாளையம் எங்கே?"

"மத்தியானம் எறா புடிக்கிற வேலைக்கு லாரி வந்துச்சு. பழவேற்காட்டுக்குப் போயிட்டாரு."

தோப்பைச் சலித்தோம்

பாளையத்துக்குச் செய்தி சொல்ல மீன் லாரி டிரைவர்களிடம் சொல்லிவிட்டோம். ஆபீசுக்கு லீவ் தந்தி அடித்தேன். காரணமாக 'உடல்நலக் குறைவு' என எழுதினேன். பொய்யும் இல்லை. சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை தேசிங்கு ஆட்களைக் கொண்டுவந்தார். கரைவலை இழுக்க நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு சவுக்குக் கழி. ஓரடி வைக்குமுன் முன்னால் குத்திப் பார்க்க வேண்டும். முந்தின மாலை கேலி செய்தவன் எனக்கு வலப்பக்கம். அவன் இப்போது என்னைவிடக் கவனமாகக் குத்திக்கொண்டு வந்தான்.

தோப்பின் தரை முழுவதும் சவுக்கு ஊசிகள் மெத்தைபோல் கிடந்தன. அதன் அடியில் என்ன இருந்தாலும் தெரியாது. கழியை ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். ஓர் உடைந்த பானை அகப்பட்டது. தணிகாசலம் எப்போதோ தொலைத்த அரிவாள் அகப்பட்டது. பாம்புச் சட்டை அகப்பட்டது. தாழம்புதர் ஓரம் முழுவதும் குத்தினோம். மறுநாளும் குத்தினோம்.

பொறி அகப்படவில்லை.

அன்று உச்சிவேளையில் முதல் குடும்பங்கள் வந்துவிட்டன. தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கையில் பானை.

எல்லாரும் கூடிப் பேசினோம். தேசிங்கு, தணிகாசலம், எல்லம்மா, நான். நரி தோப்புப் பிராணி. வேலி ஓரம் வரை வரும். அலைப்பக்கம் வெட்டவெளியில் அதற்கு என்ன வேலை? ஆகவே யாரையும் தோப்புக்குள் விடாமல், வேலியைத் தாண்டி நல்ல தூரத்தில், திறந்த மணலில் தங்கச் சொல்வது என்று முடிவாயிற்று. வேலி நெடுக ஒரு பழைய வலையைக் கட்டித் தடுத்தோம்.

வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் நகர மறுத்தாள். கன்னியம்மா என்று பெயர். நிறைமாதம். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "எங்க மாமனாரு காலத்துலருந்து இந்த நெழல்லதான் எறங்குறோம். இப்ப இன்னா புச்சா?" என்றாள்.

"உள்ள இரும்புப் பொறி கீதும்மா. கால வெட்டிடும்" என்றேன்.

"யாரு வெச்சது?"

"எங்கன்னுதான் தெரியல. தேடிகினு இருக்கோம்."

"வெச்சவனுக்குத் தெரியாதா வெச்ச எடம்? நல்ல ஊருய்யா இது." அவள் புருஷன் ஏற்கெனவே மூட்டையைத் தூக்கிவிட்டான். எல்லம்மா அவள் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். "வாடி, ஒனக்கு நல்ல எடமா நான் காட்டறேன். மேடா கீது, தண்ணி ஏறாது." மணல் கொஞ்சம் மேடாகவும் மிருதுவாகவும் இருந்த ஓர் இடத்தில் அவளை உட்காரவைத்தாள். தணிகாசலம் நான்கு கழி கொடுத்தார். நான் நட்டேன். கன்னியம்மா தன் சிவப்புப் புடவையை அதன்மேல் கட்டி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாயை விரித்தாள்.

மகம் வரையில் நாங்கள் மாறி மாறி வேலி ஓரம் நின்றோம். பந்தைத் துரத்தி ஓடிவருகிற பிள்ளைகளை எல்லம்மா வசைமாரி பொழிந்து விரட்டினாள். பௌர்ணமி விடியலில் கடற்கரை முழுவதும் தீபம். சாமி வந்து ஆடுகிறவர்களின் குரல் அலைக்கு மேலே கேட்டது. எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தோப்பைப் பார்த்து நின்றேன்.

வெயில் ஏறியதும் புடவைகளை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தணிகாசலம் என் தோளில் தட்டி, "தப்பிச்சோம் மாப்ள" என்றார்.

பாளையம் வந்தான்

அடுத்த நாள் பாளையம் லாரியிலிருந்து குதித்து நேராகத் தோப்புக்கு வந்தான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மூச்சு வாங்கியது. "அண்ணாத்த, நேத்துதான் டிரைவர் சொன்னாரு" என்றான் தணிகாசலத்திடம்.

"தோப்புல எங்கடா வெச்சே?"

"தோப்புல வெக்கலியே."

அவன் எங்களைத் தாண்டி, தாழம்புதர் இடைவெளி வழியாக வெளியே போனான். திறந்த மணலில் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். எங்கே போகிறான் என்று புரியப் புரிய நான் பின்தங்கிப்போனேன்.

சனிக்கிழமை இரவு ஓர் ஆமை ஏறி முட்டையிட்டிருக்கிறது. அந்த வருடம் ஆமை இன்னும் வரவில்லை என்றே குப்பத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பாளையம் மட்டும் தடத்தைப் பார்த்திருக்கிறான். யாருக்கும் பங்கு கொடுக்க மனமில்லாமல் முட்டைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு, தடத்தையும் கலைத்துவிட்டான். முட்டை வாடைக்கு நரி கட்டாயம் வரும் என்று, அந்தக் குழியிலேயே பொறியைத் திறந்துவைத்து மூடியிருக்கிறான். முட்டை விஷயம் தெரிந்துவிடும் என்று மனைவியிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை.

அவன் நின்ற இடத்தில் நான் நட்ட நான்கு கழிகளின் ஓட்டைகள் இருந்தன. மூன்று அடுப்புக் கற்கள் கறுத்துக் கிடந்தன.

"இங்க யாருனா தங்கினாங்களா?" என்றான் பாளையம். எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாயின் அச்சு மணலில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. பாளையம் குந்தி உட்கார்ந்து அதன் நடுவில், ஒருக்களித்துப் படுப்பவளின் இடுப்பு வருகிற இடத்தில், விரலால் மணலை ஒதுக்கினான். இரண்டு தாடைகளும் மல்லாந்து திறந்திருந்தன. அவை மூடவே இல்லை.

நான் வைக்கும்போது, மிதிதட்டுக்கு அடியில் மணல் புகாமல் ஒரு பூவரச இலையை மடித்து வைப்பேன். புத்தகம் சொன்ன நுணுக்கம். மணல் புகுந்து இறுகினால் தட்டு கீழே இறங்காது. பொறி வேலை செய்யாது. பாளையத்துக்கு அது தெரியாது. வெறும் ஈர மணலைத் தள்ளி மூடியிருந்தான். அது கல்லாக இறுகியிருந்தது.

"கெட்டுப்போச்சு போல" என்றான். பொறியைத் தூக்கி, தலைகீழாகப் பிடித்து உலுக்கினான். மணல் கட்டியாக உதிர்ந்தது. மறுபடி கீழே வைத்து, பக்கத்தில் கிடந்த விறகுக்கட்டையால் தட்டை அழுத்தினான்.

அந்தச் சத்தத்தை இப்போது எழுதும்போதும் என் தோள் தானாக ஒரு முறை தூக்கிப் போடுகிறது. கட்டை அவன் கையிலிருந்து பறந்தது.

எல்லம்மா அடுப்புக் கற்களைப் பார்த்துக்கொண்டே, "அவகிட்ட சொல்லக் கூடாது" என்றாள். யாரிடம் போய்ச் சொல்வது? அவள் எந்த ஊர் என்று நாங்கள் யாரும் கேட்டுவைக்கவில்லை.

மூன்று பொறிகளையும் எடுத்தவர்களே சுமந்துவந்தார்கள். கற்பூரத்தை அணைத்தவனுக்குப் பேச உரிமை இல்லை; ஆனாலும் அவற்றை அழித்துவிடச் சொல்லிக் கேட்டேன். பட்டறையில் கொல்லர் அவற்றை நெருப்பில் போட்டுப் பிரிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். தோப்பிலிருந்த நரித்தோல்களைப் பிறகொரு நாள் அங்கே வந்த சரோஜா ஒருவருக்கும் தெரியாமல் புதைத்தாள். நான் கேட்கவில்லை.

அடுத்த மாசி

மறுவருடம் மகத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் முன்பே போய், கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

கன்னியம்மாவை முதலில் அடையாளம் கண்டவள் எல்லம்மா. இடுப்பில் குழந்தையோடு வந்தாள். தலை நிறைய முடி, பெண் குழந்தை. தணிகாசலம் ஓடிப்போய், "உள்ள வாம்மா, இந்த வருசம் தோப்புலியே எறங்கு. நெழலா கீது, ஒண்ணும் பயமில்ல" என்றார்.

"வாணாம் சார்" என்றாள் அவள். "போன மகத்துல அந்த மேட்டுலதான படுத்திருந்தேன். வூட்டுக்குப் போன மூணாம் நாளு, ஒரு நோவு இல்லாம பொறந்துச்சு இது. ஆசுபத்திரி கூடப் போவல. அந்த எடம் எங்களுக்கு ராசி."

தாழம்புதரைத் தாண்டி நடந்தாள். அந்த மேடு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தடுமாறாமல் நேராகப் போய், குழந்தையை மணலில் இறக்கிவிட்டு, மூட்டையை அவிழ்த்தாள். குழந்தை தவழ்ந்தது. எல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் தணிகாசலத்தைப் பார்த்தேன்.

"இன்னா சார், நின்னுகினு கீறே? போன வருசம் நீதான கழி நட்டே? வந்து நட்டுக்குடு" என்றாள் கன்னியம்மா.

போய் நட்டுக் கொடுத்தேன். ஒரு கழி கோணலாக நின்றது. அவளே அதைப் பிடுங்கி, நேராக நட்டுக்கொண்டாள்.